தக்கை கழற்றிய படகு

"என்ட மனிசன் மௌத்தா, உசிரோட இருக்கிறாரா? இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க ராத்தா. வேற ஒண்டும் வேணாம்."

கதிரையைக் காட்டியும் பஸ்மியா உட்காரவில்லை. உள்துறைமுக வீதி மாடி அறையில் இருந்த நஜ்முன் நிஸா, இருபது வருடம் படகுகளுக்குக் காப்புறுதி மதிப்பீட்டாளராக இருந்தவர். இப்போது காணாமல் போனவற்றைத் தேடிக் கொடுக்கிறார். பக்கத்து மேசையில் சோமசேகரம், ஓய்வு பெற்ற தபாலதிபர். ஓய்வுதான் அவருக்கு ஒத்துவரவில்லை. யாராவது அழுதுகொண்டு படியேறினால் மனிதருக்கு உற்சாகம் பிறந்துவிடும். பிறகு அதற்காக வெட்கமும் படுவார்.

பஸ்மியாவின் கணவர் முனீப் ஒரு தனியுரிமை நிபுணர். வேலை செய்யும் இடத்தின் களவை உள்ளிருந்தே வெளியில் சொல்பவர்களுக்கு, பிடிபடாமல் தகவல் அனுப்பக் கற்றுக்கொடுப்பவர். குடாவில் கழிவெண்ணெய் கொட்டும் கம்பனி ஒன்றின் ஆவணங்களை வெளியே கொடுத்த ஆள் யாரென்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மூன்று மாதத்தில் விசாரணை. முந்தாநாள் காலை உப்புவெளியில் கூட்டாளி ஜெமீலின் படகை இரவல் வாங்கிக்கொண்டு அவர் தனியாகக் கடலுக்குப் போனார் என்பது ஜெமீலின் வாக்குமூலம். பின்னேரம் படகு மட்டும் கரையொதுங்கியது. உள்ளே செருப்புக் கிடந்தது, ஆள் இல்லை. கடலோடு போய்விட்டார் என்று பொலிஸ் கைகழுவிவிட்டது.

"மாமி இண்டைக்கே இத்தா இருக்கச் சொல்றா," என்றாள் பஸ்மியா. "நாலு மாசம் பத்து நாள் வெள்ளை உடுத்து வீட்டுக்குள்ள இருக்கோணும். மௌத்தாப் போன புருசனுக்குத்தானே ராத்தா இத்தா? நான் இருந்தா, அவர் போயிட்டாரெண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி. இருக்காட்டி ஊர் சும்மா விடுமா?"

"வேற ஆரும் வீட்டுக்கு வந்தாங்களா?"

"கொழும்பில இருந்து ஒராள் கார்ல வந்தார். அவர்ர கூட்டாளியாம். பேர் விபரம் ஏதும் எழுதி வச்சிருக்காரா எண்டு மூணு தரம் கேட்டுட்டார். இண்டைக்குப் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகும் வருவாராம்."

நிஸா குடையை எடுத்தார். சோமசேகரம் அதற்குள் படியிறங்கிவிட்டார்.

உப்புவெளியில் படகு மணலில் கிடந்தது. சோமசேகரம் பொலிஸ் பார்க்காததையெல்லாம் பார்த்துவிடும் வேகத்தில் முழங்காலில் இருந்து பின்பக்கம் தேடினார். படகின் அடிப்பக்கத்தில் பெருவிரல் பருமனில் ஓர் ஓட்டை. அதை அடைக்கும் தக்கை உள்ளே பலகையின் மேல் கிடந்தது.

"கொலை, தங்கச்சி!" என்று கத்தினார். "தக்கையைக் களட்டி ஆளைத் தாட்டிருக்கிறாங்கள்!"

நிஸா படகருகே நின்ற ஜெமீலைப் பார்த்தார். "படகை ஆரும் தொட்டீங்களா?"

"ஒரு ஆளும் தொடல்ல ராத்தா. மிதந்து வந்து ஒதுங்கினபடியேதான் கிடக்கு."

நிஸா தக்கையை எடுத்து ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு அதை ஓட்டைக்குள் வைத்து நன்றாக இறுக்கிவிட்டார். சோமசேகரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. தடயத்தை இப்படியா கையாளுவது! கேட்க வாயெடுத்தவரை நிஸாவின் பார்வை அடக்கியது.

"ஜெமீல், நீங்களும் எங்களோட பஸ்மியா வீட்டுக்கு வாங்க."

பஸ்மியாவும் மாமியாரும் உள்ளறைத் திரைக்குப் பின்னால் இருந்தார்கள். ஜெமீல் கதிரை நுனியில் இருந்தார்.

"ஓட்டை திறந்திருந்தா அந்தப் படகு கடல்ல எவ்வளவு நேரத்துக்குத் தாங்கும்?" என்று கேட்டார் நிஸா.

"கொஞ்ச நேரத்தில தண்ணி நிரம்பிடும்," என்ற ஜெமீல், சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"அப்ப கடல்ல தக்கை இறுக்கமாத்தான் இருந்திருக்கோணும். கரைக்கு வந்த பிறகு ஒரு கை அதைக் களட்டியிருக்கு. ஒருத்தரும் தொடல்லயெண்டு நீங்க சொன்னீங்க."

"ஆர் களட்டினது?" சோமசேகரத்தால் பொறுக்க முடியவில்லை.

"படகை மணல்ல இழுத்துப் போட்டதும் படகுக்காரர் செய்யிற முதல் வேலை அதுதான் அண்ணே. மழை பெய்தா தண்ணி உள்ள தங்காம வடிஞ்சுபோகும். ஆளைக் கொல்ல வந்தவனுக்கு அடுத்தவன்ட படகில மழைத்தண்ணி நிண்டா என்ன, நிக்காட்டி என்ன? இது பழகின கை. சொந்தப் படகை நினைச்ச கை."

நிஸா ஜெமீலின் பக்கம் திரும்பினார்.

"இண்டைக்குப் பஸ்மியா வெள்ளை உடுத்தா, அந்தப் பாவம் ஆர்ர தலையில ஜெமீல்?"

அவ்வளவுதான், மனிதர் உடைந்துபோனார். "அவரை மூதூர்க் கரையில இறக்கினது நான்தான். படகைக் கடல்ல தள்ளிவிட்டிட்டு பஸ்ஸில வரச் சொன்னவர். மனம் வரல்ல ராத்தா. ஆளில்லாத பக்கமாப் பார்த்துக் கொண்டுவந்து இழுத்துப் போட்டன். தக்கையைக் களட்டினது எனக்கே ஞாபகம் இல்ல."

"உசிரோட இருக்கிறாரா?" என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஓம் தங்கச்சி. நல்லா இருக்கிறார். நீங்க இத்தா இருந்தா ஒரு அந்நிய ஆம்பிளையும் உங்களக் கேள்வி கேக்க வரேலாதாம். விசாரணை முடியும்வரை அதுதான் உங்களுக்குக் காவலெண்டு சொன்னவர். உங்களுக்குத் தெரிஞ்சா முகத்திலயே தெரிஞ்சிடுமாம்."

மாமியார் அல்லாஹ்வைப் புகழ்ந்து விம்மினார். பஸ்மியா அழவில்லை, அவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. "ரெண்டு நாளா நான் செத்துப் பிழைச்சன். ஊர்ப்பட்டவங்கட ரகசியத்தையெல்லாம் காக்கிற மனிசனுக்கு, என்னை மட்டும் நம்ப ஏலாமப் போச்சா?"

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"நான் உங்களுக்குத்தான் வேலை செய்யிறன்," என்றார் நிஸா தணிந்த குரலில். "அவருக்கு என்ன சொல்ல?"

திரைக்குப் பின்னால் பஸ்மியா எழுந்தாள்.

"மாமி, அந்த வெள்ளையை எடுங்க." பிறகு இன்னும் மெதுவாக, "இத்தா எண்டு மனசால நிய்யத்து வைக்க மாட்டன் ராத்தா. உசிரோட இருக்கிறவருக்கு என்னெண்டு வைக்கிற? வெள்ளை உடுத்துக் கதவைச் சாத்துறன், அவ்வளவுதான்."

ஆண்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு நிஸா வாசலுக்குப் போனார். "இது இத்தா வீடு. இனி நாலு மாசம் பத்து நாளைக்கு வெளி ஆம்பிளையள் உள்ள போகேலாது," என்றார். காரில் வந்தவர் தலையைக் குனிந்து அனுதாபம் சொன்னார். பிறகு, ஒதுங்கிய படகை ஒருக்கால் பார்க்கலாமா என்று கேட்டார்.

"தாராளமாப் பாருங்க," என்றார் நிஸா.

தக்கை ஏன் திரும்ப ஓட்டைக்குள் போனது என்பது சோமசேகரத்துக்கு அப்போதுதான் விளங்கியது. படகை ஓர் ஆள்தான் கரையில் இழுத்துப் போட்டதென்று இனி அது காட்டிக்கொடுக்காது. கார் திரும்பிப் போனது.

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து பஸ்மியா கூப்பிட்டாள். "ஜெமீல் காக்கா, அவரைக் கண்டா ஒண்டு சொல்லுங்க. திரும்பி வந்தா நாலு மாசம் பத்து நாளைக்கு நான் அவரோட ஒரு சொல்லும் கதைக்க மாட்டன். அது அவருக்கு இத்தா."