நாய் நின்ற இடம்

நாய் ஒரு விரற்கடை இடப்பக்கம் தள்ளி நின்றது.

காலையில் எடுத்த மாதிரி அச்சையும் இப்போது எடுத்ததையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் போட்டு, பூதக்கண்ணாடியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தான். குளம் அதே இடத்தில் இருந்தது. மரங்களும் அப்படியே. நடுவில் நிற்கிற சாம்பல் நிற வேட்டைநாய் மட்டும் நகர்ந்திருந்தது. படம் மொத்தமும் நகர்ந்தால் பேப்பர் சறுக்கிவிட்டது என்று பிரிண்டரைத் திட்டலாம். நாய் மட்டும் நகர்ந்தால் யாரைத் திட்டுவது?

தொழிலில் அவனுக்குத் 'துல்லியம்' என்று பட்டப்பெயர். மயிரிழை பிசகினாலும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிற ஆள். பழைய ஓவியங்களை அச்சிட்டு, ஓட்டல் அறைகளுக்கும் டாக்டர்களின் வரவேற்பறைகளுக்கும் சட்டம் போட்டு அனுப்புவது பிழைப்பு. இந்த நாயை வரைந்தவர் செத்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. மிருகங்களைத் தவிர வேறெதையும் வரையாத மனுஷன். குதிரையோ மானோ, அவர் வரைந்தால் விலா எலும்பு ஏறி இறங்குவது தெரியும் என்பார்கள். புதிதாகத் திறக்கப்போகும் ஓட்டலொன்று தன் எல்லா அறைகளுக்கும் இந்த நாயைக் கேட்டிருந்தது. சாயங்காலத்துக்குள் மாதிரி போயாக வேண்டும்.

இன்றைக்கென்று பார்த்து மகளுக்குக் காய்ச்சல். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. பிள்ளையைக் கடையில் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டு, ஒரு நாளாவது மெஷினை விட்டுவிட்டு அவளைக் கவனி என்று சொல்லிப் போயிருந்தாள். பேப்பர் உருளைகள் அடுக்கிய பின்னறையில், மஞ்சள் கவுனோடு மடக்குக் கட்டிலில் சுருண்டு கிடந்தது சின்னது. போய் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அவன் எழுந்திருக்கும் போதெல்லாம் அந்தப் பாழாய்ப்போன பிரிண்டர் ஏதாவது வம்பு செய்து இழுத்தது.

அடுத்த தாளில் நாயின் பின்னங்கால்களும் வாலும் மட்டும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. மை முனைகளைச் சுத்தம் செய்தான். கோப்பை மூடித் திறந்தான். திரையில் நாய் லட்சணமாக நடுவில்தான் நின்றது. எந்த ஜென்மத்தில் செய்த பாவமோ என்று வாய்விட்டே சொன்னான். வெளியே மழை பிடித்துக்கொண்டதால் ஷட்டரை இழுத்துத் தரைவரை இறக்கிவிட்டு வந்தபோது, மை வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது; நனைந்த ரோமமும் சேறும் கலந்த, மூக்கை விட்டுப் போகாத வாடை. தெருநாய் ஏதாவது புகுந்துவிட்டதா என்று மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தான். ஒன்றுமில்லை. ஆனால் டைல்ஸ் தரையில் நகங்கள் டக் டக்கென்று பின்னறைப் பக்கம் போகிற சத்தம் கேட்டது.

"அப்பா, நாய் என் கையை நக்குது."

"காய்ச்சல்ல அப்படித்தான் இருக்கும் கண்ணு. தூங்கு."

சொல்லிவிட்டுத் திரும்பினால் அடுத்த தாள் வந்து விழுந்திருந்தது. அதில் நாயே இல்லை. குளம், மரங்கள், புல். நாய் நின்ற இடத்தில் புல் மிதிபட்டுக் கிடந்தது. அவனுக்கு அழுகையாக வந்தது.

அந்த நேரம் பார்த்து போன். மூல ஓவியத்தை வைத்திருக்கும் காட்சிக்கூடத்தின் பொறுப்பாளர் அம்மா. மதியம் அவன் அனுப்பிய கோப்பைப் பார்த்துவிட்டுக் கொதித்துப் போயிருந்தார். நாயின் கழுத்திலிருந்து படத்தின் கீழ் விளிம்புவரை ஒரு பழுப்புக் கோடு இருந்ததே, அதை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். வார்னிஷ் விரிசல்தானே, எல்லாப் பழைய படத்திலும் இருப்பதுதானே, காலை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு புல்லாக ஒட்டவைத்து மறைத்தேன் என்றான். அதில் அவனுக்குப் பெருமைகூட இருந்தது.

"அது விரிசல் இல்லைங்க, கயிறு. இதை வரைஞ்சவர் கட்டாம எதையும் வரைஞ்சதே கிடையாது. ஒரு கையில கயிறு, ஒரு கையில பிரஷ். கயிறு சும்மா கிடக்கக் கூடாதுன்னு சொல்லிட்டே இருப்பாராம். கட்டினது அறுத்துக்கிட்டுப் போயிட்டா, பக்கத்துல எது இருக்கோ அதைப் பிடிச்சுக் கட்டிடுவாராம்."

கயிறு திரும்ப வராவிட்டால் அச்சிட அனுமதி இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அரை நாள் உழைப்பு மண்ணாய்ப் போனது. நல்லவேளை, அழித்ததைக் கோப்புக்குள் தனி லேயராக எடுத்து வைத்திருந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கோட்டை மறுபடி உள்ளே கொண்டுவந்தான்.

"அப்பா, இங்க ஒருத்தர் வந்திருக்காரு." பின்னறையிலிருந்து குரல் சன்னமாக வந்தது. "அசையாம இருக்கச் சொல்றாரு."

"அப்ப அசையாம இரேன்மா. கொஞ்ச நேரம் அப்பாவை விடு."

எரிச்சலோடு சொல்லிவிட்டுப் பொத்தானைத் தட்டினான். மை முனை இங்கும் அங்கும் ஓட ஆரம்பித்தது. வானம் வந்தது. மர உச்சிகள் வந்தன. அப்போதுதான் அவள் சொன்னது உறைத்தது.

ஒருத்தரா?

ஷட்டர் இறங்கியிருந்தது. பின்னறைக்கு வேறு வழி கிடையாது.

"கண்ணு?"

நகச் சத்தமும் இல்லை. பின்னறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கட்டில் கால் தெரிந்தது. போர்வை தரையில் கிடந்தது. எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தான். கண் தாளை விட்டு வரவில்லை.

குளம் வந்தது. புல்லின் நுனி வந்தது. நாய் நின்ற இடத்தில், தலைமுடி.

நெற்றி. வியர்வையில் ஒட்டிய முடி. அவனையே பார்க்கிற இரண்டு கண்கள். உதடுகளை இறுக மூடியிருந்தாள். மூச்சைப் பிடித்திருந்தாள். அப்பா சொன்னபடி அசையாமல் இருக்க, தன்னால் ஆனமட்டும் முயன்றுகொண்டிருந்தாள்.

கழுத்தில் பழுப்புக் கயிறு.

மஞ்சள் கவுன். புல்லில் ஊன்றிய கை. கயிறு கீழே போய்க்கொண்டே இருந்தது. அவன் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான். மெஷின் நின்றது. அதன் விளக்குகள் அணைந்தன. தாள் நிற்கவில்லை. வந்துகொண்டே இருந்தது. கடைசி விளிம்பில் ஒரு கைமுட்டி. நகக்கண்ணெல்லாம் காய்ந்த வண்ணம். கயிற்றை இரண்டு சுற்று சுற்றிப் பிடித்திருந்தது.

ஈரம் காயாத தாளில், கயிறு மெல்ல இறுகியது.