கைதட்டலுக்கு வந்தவன்

“அம்மா, செத்துப்போனவங்களுக்கும் கைதட்டணுமா?”

என் மகள் ஆறு வயதில் கேட்ட கேள்வி இது. டாஸ்மேனியாவின் தெற்குக் கரையில், சால்மன் மீனை வெட்டிப் பெட்டியில் அடைக்கும் ஆலையில் நான் வேலை பார்க்கிறேன். எங்கள் மேலாளர் வாரிக் ஹெய்ல் தன் அறை நாற்காலியிலேயே மாரடைப்பில் இறந்துபோனார். சாப்பாட்டுக் கூடத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர் உரையை வாசித்து முடித்ததும் ஆலை ஆட்கள் அறுபது பேரும் கைதட்டினோம். அது வாரிக் தனக்குத் தானே முன்கூட்டி எழுதி வைத்திருந்த உரை.

அப்போதுதான் மகள் அதைக் கேட்டாள். தட்டிய கைகளை மடியில் ஒளித்துக்கொண்டேன்.

மரியாதையாக ‘அவர்’ என்றே எழுதத்தான் பார்க்கிறேன். வரவில்லை. ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்.

பதினோரு வருடம் அவனிடம் வேலை பார்த்தேன். “இங்க எல்லாரும் சமம், பேரச் சொல்லியே கூப்பிடுங்க” என்பான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். மூன்று மூச்சு விடும் நேரம் காத்திருப்பான். சுற்றியிருக்கும் எல்லாரும் தன்னைப் பார்த்த பிறகுதான் வாய் திறப்பான். நல்லது நடந்தால் அது அவன் செய்தது. கெட்டது நடந்தால் எங்களில் யாரோ செய்தது. எதிர்த்துக் கேட்டால், “நான் அப்படிச் சொல்லவே இல்லையே, லவீனியா. உனக்கு மறதி வந்துடுச்சு, பாவம்” என்று தோளைத் தட்டுவான். எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது. அவன் சொல்வதையெல்லாம் தேதி போட்டுத் துண்டுக் காகிதத்தில் எழுதி, பைபிளுக்குள் வைக்க ஆரம்பித்தேன். டோங்கா தீவிலிருந்து இங்கே வந்த இந்தப் பத்தொன்பது வருடத்தில், நான் பைத்தியமாகாமல் இருந்ததற்கு அந்தத் துண்டுகளும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் ப்ரியோனி.

ஒருமுறை நாற்பது பெட்டி மீன் கெட்டுப்போனது. விருந்தாளிகளுக்குத் தன் பெருமையைச் சுற்றிக் காட்டும்போது குளிர் அறைக் கதவைத் திறந்துபோட்டவன் அவன். பழி என் மேல் விழுந்தது. அன்று தேநீர் இடைவேளையில் என் மேசைக்கு யாரும் வரவில்லை. வந்தால் அடுத்த பழி தங்கள் மேல் என்று எல்லாருக்கும் தெரியும். மீன் வெட்டும் வரிசையில் புதிதாகச் சேர்ந்திருந்த ப்ரியோனி மட்டும் வந்தாள். ஒன்றும் பேசவில்லை. பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்துவிட்டு, பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அவ்வளவுதான். அதற்கு நான் நன்றிகூடச் சொன்னதில்லை.

வாரிக் போன பிறகு அவளையே மேலாளர் ஆக்கினார்கள். அவள் பொறுப்பேற்ற திங்கட்கிழமை காலை, வழக்கம்போல் ஐந்தே முக்காலுக்கு வந்து இறங்கினேன். மழை. வாசலில் பெயர்ப் பலகை. உள்ளே போகும்போது அவரவர் பெயர் அட்டையை ஆணியில் மாட்ட வேண்டும். வெளியே போகும்போது அவரவரே எடுக்க வேண்டும். மீனை உறைய வைக்க அமோனியா ஓடுகிற ஆலை. எங்காவது கசிந்தால் பலகையில் இருப்பவர்களைத்தான் தேடுவார்கள். அதனால் அடுத்தவர் அட்டையைத் தொட்டால் அன்றோடு வேலை போகும்.

வாரிக்கின் அட்டை மேல் ஆணியில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அவன் வெளியே போகும்போது அதை எடுக்கவில்லை. எப்படி எடுப்பான், போர்த்திக்கொண்டல்லவா போனான். எங்களில் யாரும் தொடவில்லை. சட்டம் அப்படி.

பத்து மணிக்கு, கசிவு வந்தால் வெளியேறும் ஒத்திகைக்கு மணி அடித்தது. வண்டி நிறுத்துமிடத்தில் வெள்ளைக் கோட்டும் தலைமுடி வலையும் முகமூடியுமாக நின்றோம். மழைத் தொப்பியும் போட்டுவிட்டால் யார் யாரென்றே தெரியாது. ப்ரியோனி பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து மேலிருந்து கீழே படித்தாள். படபடப்பில் முதல் பெயரையும் படித்துவிட்டாள்.

“வாரிக் ஹெய்ல்.”

யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது.

ஒரு மூச்சு. இரண்டு. மூன்று.

“இருக்கேன்.”

ஆளில்லாத ஆலைக்குள்ளிருந்து வந்தது.

பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் மெர்வ்தான் முதலில் வாய் திறந்தார். “செத்தும் நேரத்துக்கு வர மாட்டேங்கறான் பாரு.” அவர் உதடு வெளுத்திருந்தது.

அன்று மாலை ப்ரியோனி அந்த அட்டையை எடுத்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். மறுநாள் காலை அது மேல் ஆணியில் தொங்கியது.

பிறகு வாசனை வந்தது. மீன் வாடையையும் குளோரினையும் மீறிக்கொண்டு, அவன் தாராளமாகப் பூசும் ஆஃப்டர்ஷேவ். பனிக்கட்டி அறைக்குள் யாரோ ஒருவர் மட்டும் மெதுவாகக் கைதட்டுவதும் கேட்டது. ஒரு சத்தம், இடைவெளி, இன்னொரு சத்தம். நாங்கள் சேர்ந்து தட்டுவோமா என்று பார்ப்பது போல. நான் பயந்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் பயத்துக்கு அடியில் எனக்கு அருவருப்புதான் வந்தது. மரணத்தைக் கடந்து போன ஒருவன் திரும்பி வந்து கேட்பது இதைத்தானா?

அடுத்த சில வாரங்களில் ப்ரியோனி மாறினாள்.

கூப்பிட்டால் பெயர் முடிவதற்குள் “ஓ!” என்று குரல் கொடுப்பவள் அவள். இப்போது காத்திருந்தாள். மூன்று மூச்சு. மெர்வ் சொன்ன யோசனையைத் தன்னுடையது என்றாள். ஒரு புதன்கிழமை என்னிடம், “நான் அப்படிச் சொல்லவே இல்லையே, லவீக்கா” என்றாள். அவள் கை என் தோளைத் தட்டியது. அவள் கண் மட்டும் நனைந்திருந்தது, உள்ளே யாரோ அடைபட்டுக் கிடப்பது போல.

“இந்தப் பொண்ணையும் முழுங்கிடுவான்” என்றார் மெர்வ்.

நான் ஜெபித்தேன். வேறு வழி தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் நிஜமாகவே மணி அடித்தது. இயந்திர அறையில் கசிவு. மூக்கைக் கிழிக்கும் நெடி. ஓடி வந்து மழையில் நின்றோம். ப்ரியோனியைக் காணோம் என்று மெர்வே பெயர்களைப் படித்தார்.

“ப்ரியோனி!”

நிசப்தம். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

“இருக்கேன்.”

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து, அவள் குரலிலேயே. மெர்வ் குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனார். முழுக் கணக்கும் சரியாக வந்தது. தீயணைப்புப் படைக்கு வழிகாட்ட அவர் வாயிற்கதவுக்கு ஓடினார்.

பதில் வருவதற்குள் கழிந்த நேரம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று மூச்சு.

பின்வரிசைக்குப் போய் ஒவ்வொரு முகமூடியாகப் பார்த்தேன். அவள் இல்லை. ஈரத்தில் ஆஃப்டர்ஷேவ் வாசனை மட்டும் நின்றது.

அவளுடைய உழைப்பை எடுத்தான், வார்த்தையை எடுத்தான். இப்போது அவள் சொல்ல வேண்டிய பதிலையும் எடுத்துக்கொண்டான். பதில் வந்துவிட்டது, இனி அவளை யாரும் தேட மாட்டார்கள்.

மெர்விடம் சொல்லி, அவர் நம்பி, ஆள் அனுப்புவதற்குள் அவள் மூச்சு நின்றுவிடும். உள்ளே போவது சட்டப்படி தவறு. கழுத்துத் துணியை மழைநீரில் நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு, பக்கக் கதவு வழியாக நுழைந்தேன். என்னை யாரும் பார்க்கவில்லை.

மாடியில், வாரிக் இறந்த அந்த மேலாளர் அறை. கதவு திறந்திருந்தது.

ப்ரியோனி தன் மேசைக்கு முன்னால் நின்றாள். நாங்கள் பதினோரு வருடம் நின்ற அதே இடத்தில், கைகட்டி. நாற்காலி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

“நீங்கதான் செஞ்சீங்க” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். “எல்லாம் நீங்கதான். நான் ஒண்ணுமே இல்ல.”

நாற்காலி மெதுவாகச் சாய்ந்தது.

திருப்தியாக.

நாற்பது பெட்டி மீன். தேதி போட்ட துண்டுகள். எல்லாவற்றையும் அந்த நாற்காலியின் முதுகில் எறிய வேண்டும் போல் இருந்தது. அப்போதுதான் புரிந்தது. திட்டினாலும் அது அவனுக்குக் கைதட்டல்தான். யாராவது தன்னைப் பார்த்தால் அவனுக்குப் போதும்.

நான் அவளை மட்டும் பார்த்தேன். பக்கத்தில் போய், தோளோடு தோள் உரச நின்றேன்.

“செவ்வாக்கிழமை புதுப் பையன் விரலை வெட்டிக்கிட்டான்ல, கட்டுப் போட்டது யாரு? நீ. நான் பார்த்தேன். என் கத்திய தீட்டிக் குடுத்தது நீ. மெர்வோட பொண்டாட்டிக்கு ஆபரேஷன் அன்னிக்கு அவர் வேலையச் சேர்த்துப் பார்த்தது நீ. அதெல்லாம் உன்னோடது, கண்ணு. யாராலயும் எடுத்துக்க முடியாது.”

நாற்காலி கிரீச்சிட்டது.

“லவீனியா.”

மூன்று மூச்சு.

“என்னைப் பாரு.”

நான் ப்ரியோனியின் விரல்களைப் பிடித்தேன். பனிக்கட்டி.

“ஒரே ஒரு தடவை.” குரல் உடைந்தது. கெஞ்சியது. இந்தக் குரலுக்கா நாங்கள் நடுங்கினோம்?

“வா, போலாம்” என்றேன் அவளிடம்.

படியில் இறங்கும்வரை அது பின்னாலேயே கூப்பிட்டது. என் பெயரை, அவள் பெயரை, கடைசியில் தன் பெயரையே. நாங்கள் திரும்பவில்லை. பக்கக் கதவருகே அவளைப் புல்லில் உட்கார வைத்துவிட்டு, சுற்றிப் போய்க் கூட்டத்தில் கலந்தேன். அவள் இருமும் சத்தம் கேட்டு மற்றவர்கள் ஓடினார்கள்.

திங்கட்கிழமை மெர்வ் விபத்து அறிக்கையோடு என்னிடம் வந்தார்.

“ப்ரியோனிக்கு எதுவும் ஞாபகம் இல்லயாம் லவீ. மணி அடிச்சது வரைக்கும்தான் தெரியுமாம். காலைல ‘ப்ரியோனி’னு நான் கூப்பிடறதுக்குள்ளயே ஓடி வர்றா, பழைய ஆளு மாதிரி. ஆனா இதப் பாரும்மா. இந்த இடத்த நான் காலியாத்தான் விட்டிருந்தேன். சத்தியமா.”

‘உள்ளே இருந்தவரை வெளியே கொண்டுவந்தவர்’ என்ற கட்டத்தில், பெரிய வளைந்த எழுத்தில், இரண்டு முறை அடிக்கோடிட்டு எழுதியிருந்தது.

வாரிக் ஹெய்ல்.

விரலால் தொட்டேன். மை இன்னும் ஈரம்.

“உண்மையில யாரு? சொல்லு, அடிச்சுட்டு எழுதிடறேன்” என்றார் மெர்வ்.

புகழுக்குப் பசித்தவனுக்கு ஒரு பருக்கை. வைத்துக்கொள்ளட்டும். பார்க்க வேண்டியவர் மேலேயிருந்து பார்த்திருப்பார்.

“தெரியாதுப்பா” என்றேன்.

கீழே, ‘பார்த்த சாட்சி’ என்ற கட்டம் காலியாக இருந்தது. அவனைப் பார்த்த சாட்சியாக நான் இருக்கப் போவதில்லை; மெர்வ் நீட்டிய பேனாவை வாங்கவில்லை. இடைவேளை மணி அடித்தது, கை கழுவப் போனேன்.