மை ஊற்றாத மைக்கூடு

டெவென்டர் நகரத்தில் ஓவியர் கோவெர்ட்டின் மாடிக்கு, கணப்பில் எரிக்கும் கரிமண் கட்டிகளைக் கூடையில் சுமந்து போனேன். ஆளிவிதை எண்ணெய் நாற்றம். கணப்பை மூட்டினேன்.

அவர் வரைவதெல்லாம் ஒன்றுதான்: கடிதம் எழுதும் பெண். எழுதத் தெரியாதவளை உட்காரவைத்து, படிக்கத் தெரிந்தவனுக்கு விற்பது அவர் பிழைப்பு. மைக்கூட்டில் மட்டும் மை ஊற்றமாட்டார். பட்டுச் சட்டை கறைபடுமாம்.

கடைசியாக உட்கார்ந்த ஹில்லேவுக்கு எழுதத் தெரியும். காய்ச்சலோடு உட்கார்ந்தவள், ஸ்வோல்லேயிலிருந்து அம்மாவை வரச்சொல்லி எழுத ஒரு சொட்டு மை கேட்டிருக்கிறாள். அசைந்தால் மடிப்பு கலையும் என்றாராம் இந்தப் பெரிய மனிதர். நாற்காலியிலேயே தலை சாய்ந்து உயிரை விட்டாள். ஓவியத்தில் கை மட்டும் பாக்கி.

மடிப்புக்காக அவள் போட்டிருந்த மஞ்சள் பட்டுச் சட்டையை ஆளுயர மரப்பொம்மைக்கு மாட்டி வைத்திருந்தார். அதைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"சுமை தூக்குற கை. பரவாயில்ல, விரலை நான் மெலிசாக்கிக்கிறேன். எழுதத் தெரியுமா?"

நாற்பது வயதில் கற்றுக்கொண்டேன் என்றேன்.

"யாருக்கு எழுதப்போற லைஸ்பெத், கழுதைக்கா?"

போட்டுக்கொண்டேன். மரத்திலிருந்து கழற்றிய சட்டை சுட்டது.

காய்ச்சல் சூடு.

உலர்ந்த இறகுப் பேனாவைத் தாளில் வைத்தேன். நகர்ந்தது.

நான் நகர்த்தவில்லை.

கீறல் சத்தம். அதன் பின்னால் கறுப்பு ஈரம்.

'அம்மா, வந்து என்னைக் கூட்டிட்டுப் போ. ஹில்லே.'

"மை யார் குடுத்தா?" கிசுகிசுத்தார். தாளைப் பிடுங்கி நெருப்பில் போட வந்தார். நான் என் உள்சட்டைக்குள் செருகிக்கொண்டேன். அது வெளியே போனால் இனி இந்த வீட்டில் வேலை இல்லை என்றார்.

"என் வேலைய அந்த மரப்பொம்மைக்குக் குடுங்கய்யா. அதுதான் கேள்வி கேக்காது."

சட்டையை அவர் காலடியில் போட்டுவிட்டு இறங்கினேன். கடிதம் ஸ்வோல்லே படகில் போனது.

அடுத்த வாரம் தாய் வந்தாள். மகளைப் புதைத்துவிட்டதைப் படகுத்துறையில் நான்தான் சொன்னேன். இப்போதுதானே எழுதியிருக்கிறாள் என்றாள். நேரே கோவெர்ட்டின் மாடிக்கு ஏறினாள், பின்னாலேயே நானும். ஓவியத்துக்கு முன்னால் கை நீட்டினாள்.

"எழுந்து வா புள்ள. வீட்டுக்குப் போலாம்."

படிக்கட்டில் இரண்டு பேர் இறங்கும் சத்தம் கேட்டது.

தெருவில் ஒருத்திதான் நடந்தாள்.

ஓவியத்தில் நாற்காலி காலி.

கோவெர்ட் விடுவாரா? அதே நாற்காலியில் இன்னொருத்தியை வரைந்தார். விடிந்தால் அவளும் இல்லை. மற்றொருத்தி. அவளும் எழுந்து போய்விட்டாள். புத்தி வராத ஜென்மம், இன்னும் வரைந்துகொண்டுதான் இருக்கிறார்.

எனக்குப் பிறகு அங்கே கரிமண் சுமப்பவள் சொன்னாள்: யாரும் ஊற்றாத மைக்கூடு தினமும் காலையில் நிறைந்திருக்கிறதாம்.