மூணாவது ரூமில் முப்பத்துநாலு டிகிரி

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அந்தக் கோல்டு ஸ்டோரேஜைக் கண்டுபிடிப்பதற்குள் எழில்மொழி ராயபுரத்துச் சந்துகளில் இரண்டு முறை வழி தவறினாள். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையிலிருந்து பிரிந்து, ஐஸ் உடைக்கும் ஷெட்டுகளையும் வலை காயப்போட்ட வெற்று மனையையும் தாண்டினால் அந்தப் பழைய கிடங்கு வரும். வெளிச்சுவர் வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல். உள்ளே புதிதாகத் தகடு அடித்து மூன்று குளிர் அறைகள் கட்டியிருந்தார்கள். தெருவில் சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆனாலும் வாசற்படியில் கால் வைத்ததும், ஈரத்துணியைச் சுற்றியது போல் கணுக்காலில் குளிர் பிடித்தது.

முதலாளி டென்னிஸ் தூத்துக்குடிக்காரர். இறாலும் கணவாயும் வாங்கி உறைய வைத்து ஏற்றுமதி செய்கிறவர். துப்பாக்கி மாதிரி இருந்த மஞ்சள் நிற டெம்பரேச்சர் கன் ஒன்றை அவள் கையில் கொடுத்தார்.

"இந்த விசைய அமுக்கணும். செவப்புப் புள்ளி எங்க விழுதோ, அந்த எடத்துச் சூட்டக் காட்டும். பெட்டி, சுவரு, கதவு ஓரம் எல்லாத்தையும் பாக்கணும். மைனஸ் பதினெட்டுல நிக்கணும். அதுக்கு மேல ஏறுச்சுன்னா ஒடனே எங்கிட்ட சொல்லிரு."

வேலை அவ்வளவுதான். தடித்த கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போவாள். பெட்டிகளின் மேல் புள்ளியை ஓட்டுவாள். விரல் மரத்துப்போவதற்குள் வெளியே வந்து வெயிலில் நிற்பாள். மூணாவது ரூமில் மட்டும் ஒரு விஷயம் அவள் கண்ணில் பட்டது. மற்ற இடமெல்லாம் கூரை வரை பெட்டி அடுக்கியிருந்தாலும், அதன் பின்மூலையில் ஒரு கட்டில் போடும் அளவுக்கு இடம் சும்மா கிடந்தது. சரக்கு வந்து குவிந்து, நடைபாதையில்கூட பெட்டி வைத்த நாளிலும் அந்த மூலைக்கு யாரும் ஒரு பெட்டியைத் தள்ளவில்லை.

சனிக்கிழமை மறதியாகக் கன்னைப் பையிலேயே போட்டு வியாசர்பாடிக்குக் கொண்டுவந்துவிட்டாள். ஹவுசிங் போர்டில் அவர்கள் வீடு இரண்டாவது மாடி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க மகள் மித்ராவுக்கு அதுதான் விளையாட்டு. தோசைக்கல் இருநூறு. ஃப்ரிட்ஜுக்குள் பால் பாக்கெட் ஏழு. மொட்டை மாடித் தரை ஐம்பத்திரண்டு. எழில்மொழியின் கணவன் பகலவன் குளிக்கத் தூக்கிப்போன வாளியையும் விடவில்லை. அப்புறம் அப்பா நெற்றி, அம்மா நெற்றி, தன் நெற்றி.

"மூணு பேருக்கும் முப்பத்துநாலும்மா."

"அது சரக்குக்கு வச்சிகீற மிஷினு. மனுசன் தோலுக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் காட்டும்" என்றாள் எழில்மொழி.

எண்ணூர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டும் பகலவன், மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு சிரித்தான். "அப்போ நம்ம குடும்பத்துக்கே முப்பத்துநாலுதான் ரேட்டு."

திங்கட்கிழமை காலை, மூணாவது ரூமின் சுவர்களைப் பார்த்துக்கொண்டு வந்தவள், போகிற போக்கில் அந்தக் காலி மூலையிலும் புள்ளியை விட்டாள்.

முப்பத்துநாலு.

மிஷின் தவறாகக் காட்டுகிறது என்று நினைத்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள். மைனஸ் பதினெட்டு. திரும்ப அதே இடம். முப்பத்துநாலு. சுவரில் வெள்ளை வெளேரென்று பனி படிந்திருந்தது. அந்தப் பனியின் மேல்தான் சிவப்புப் புள்ளி நின்றது. சூடான சுவரில் பனி எப்படி நிற்கும்?

வெளியே வந்து அசோகனிடம் காட்டினாள். அசோகன் லோடு இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. ஒரு குவளையில் ஐஸைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி அதில் கன்னைப் பிடித்துப் பார்த்தார். சுழியம் காட்டியது.

"மிஷினு கரீட்டாதான் கீது" என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அந்த மூலைய இன்னாத்துக்கு பாக்குற? சரக்கு இல்லாத எடத்த வுட்டுடும்மா."

அவளால் விட முடியவில்லை. மறுநாள் கதவருகே நின்றபடியே மூலையை நோக்கி விசையை அமுக்கி, புள்ளியை மெதுவாக நகர்த்தினாள். கீழே மைனஸ். கொஞ்சம் மேலே முப்பது. அதற்கும் மேலே முப்பத்துநாலு. இடுப்பு உயரம் தாண்டியதும் மறுபடி மைனஸ். இடமும் வலமும் நகர்த்திப் பார்த்தாள். அந்தச் சூட்டுக்கு ஓரம் இருந்தது. மேலே குறுகி, நடுவில் அகன்று, கீழே முன்பக்கமாக நீண்டிருந்தது.

ஒரு ஆள் குந்தி உட்கார்ந்தால் அந்த உருவம்தான் வரும்.

புள்ளி மட்டும் பின்னாலிருந்த பனிச்சுவரில் தெளிவாக விழுந்துகொண்டிருந்தது. வெளிச்சம் ஊடுருவிப் போகிறது, சூடு போகவில்லை. அவளுக்கும் சுவருக்கும் நடுவே ஏதோ இருக்கிறது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளிக்கு மேலே, வெறும் சுவர் இருந்த இடத்தில், மைனஸ் மாறியது.

பத்து. இருபத்தாறு. முப்பத்துநாலு.

குந்தியிருந்தது எழுந்து நின்றுவிட்டது.

அன்று மதியம் டீக்கடை பெஞ்சில் அசோகனைப் பிடித்தாள். அவர் டீயை முழுசாகக் குடித்து முடித்தார்.

"நா வர்றதுக்கு மின்னாடி நடந்ததும்மா. சவரிநாதன்னு ஒரு லோடுமேன். சனிக்கெழம சாயங்காலம் உள்ள இருந்தத பாக்காம யாரோ கதவ சாத்திக்கினு போய்க்கீறாங்க. உள்ளேர்ந்து தள்ளித் தொறக்கிற குமிழு ஐஸு புட்சி எறுகிடுச்சு. திங்கக்கெழமதான் பாத்தாங்க."

"ஞாயித்துக்கெழம யாரும் தேடலயா?"

"யாரு தேடுவா? அந்தாளுக்கு வூடுன்னு ஒன்னு இல்ல. ராவானா ஹார்பர்ல போட்ல தூங்குவாரு. வூடு இருந்தாத்தான ஆளு வரலியேன்னு தேடுவாங்க." கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். "கதவு கிட்ட கெடப்பாருன்னு பாத்தா, அந்த மூலையில குந்திகினு இருந்தாராம். உள்ள போனா அவரு பேர மட்டும் சொல்லாத."

வேலையை விட்டுவிடலாமா என்று அன்று இரவு பகலவனிடம் கேட்டாள். மாசம் முடியட்டும் என்றான். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அந்த வாரமே அது நடந்தது. பட்டப்பகல். வாசலில் பெரிய லாரி ஒன்று வந்து நின்றதால் ஆட்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். எழில்மொழி மூணாவது ரூமில், மூலைக்கு முதுகு காட்டாமல், பக்கவாட்டில் நடந்தபடி பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு அணைந்தது. அடுத்த நொடி கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. கனமான, மெத்தென்ற சத்தம்.

கரண்டு போய்விட்டது. வெளியே ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. கம்ப்ரெஸரும் மின்விசிறிகளும் அதில் ஓடும். அந்த அறையின் விளக்கு ஓடாது. இருட்டில் தடவித் தடவிக் கதவுக்கு வந்து குமிழைத் தள்ளினாள். நகரவில்லை. தோளால் இடித்தாள். கத்தினாள். ஜெனரேட்டர் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

தலைக்கு மேல் விசிறிகள் குளிரைக் கொட்டிக்கொண்டே இருந்தன. முதலில் காது வலித்தது. பிறகு வலி நின்றுபோனது. கோட்டுக்குள் கையைச் செருகினால், கை இருக்கிற உணர்வே இல்லை.

கன்னின் சின்னத் திரையில் மட்டும் நீல வெளிச்சம் இருந்தது. அந்த வெளிச்சத்துக்காகவே விசையை அமுக்கினாள். தன் இடது கையில் பிடித்தாள். பத்தொன்பது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தாள். பதினொன்று.

மூலைப் பக்கம் திருப்பினாள். மைனஸ் பதினெட்டு.

அங்கே இல்லை.

இடப்பக்கம் மைனஸ். வலப்பக்கம் மைனஸ். நடைபாதையின் நீளத்துக்கும் மைனஸ். கன்னைத் தனக்கு நேர் எதிரே நீட்டினாள்.

முப்பத்துநாலு.

கையை மடக்கி, கன்னை முன்பக்கம் பார்த்தபடியே தன் மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டு மறுபடி அமுக்கினாள். முப்பத்துநாலு. மூச்சுக் காற்று இல்லை. காலடிச் சத்தமும் இல்லை. மீன் கவிச்சிக்கு நடுவே, மழையில் நனைந்து காயாத சட்டையின் வாடை மட்டும் வந்தது.

கத்துவதற்குத் தொண்டையில் தெம்பு இல்லை. மித்ரா பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் நெருங்கும் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. பெயரைச் சொல்லக்கூடாது என்று அசோகன் சொன்னது ஞாபகம் வந்தபோது, அவள் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தாள்.

"சவரிநாதண்ணா." உதடு ஒட்டிக்கொண்டது. பிரித்துக்கொண்டு பேசினாள். "எனக்குக் கொயந்த கீது. என்ன வுட்டுடு. நீ வோணும்னா எங்கூட வா. எங்க வூட்டுக்கே இட்டுகினு போறேன். இங்க தனியா குந்திகினு இருக்காத."

திரை அணைந்தது.

முதுகில் ஒரு சூடு வந்து படிந்தது. அகலமாக, மெல்ல, வெயிலில் காய்ந்த சுவரில் சாய்ந்தது போல. தோள் வழியாக அது கைகளுக்கு இறங்கியது. விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எழில்மொழி அழுதாள். கண்ணீர் உறையாமல் வழிந்தது.

கதவைத் திறந்தது அசோகன். கடப்பாரையால் நெம்பித் திறந்ததாகச் சொன்னார்கள். அவளைக் கைத்தாங்கலாக வெளியே இழுத்தவர், தொட்ட கையைச் சட்டென்று விட்டுவிட்டார்.

"இம்மா நேரம் உள்ள இருந்துட்டு, கையி இன்னா இப்பிடி சூடா கீது?"

அவள் கோட்டைக் கழற்றிக் கன்னோடு சேர்த்து டென்னிஸின் மேசையில் வைத்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போவோம்மா, செலவு நான் பாத்துக்கிடுதேன்" என்று அவர் பின்னாலேயே வந்தார். திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. அவளுக்குப் பக்கத்து சீட்டில் மட்டும் யாரும் உட்காரவில்லை. பேசின் பிரிட்ஜ் வரை அது காலியாகவே வந்தது.

அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வாரம் வீட்டில் இருந்தாள். பிறகு காலடிப்பேட்டையில் ஒரு தையல் யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். தூங்கினாள், சாப்பிட்டாள். மித்ராவுக்குத் தலை பின்னிவிட்டாள். இருட்டில் சொன்ன பேச்சு பயத்தில் உளறியது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆடி பிறந்து மழையும் பெய்தது. அந்த அறையின் நினைவு கொஞ்சம் கொஞ்சமாக வேறு யாருக்கோ நடந்ததைப் போல் ஆனது.

மழைக்குப் பின் ஹவுசிங் போர்டில் காய்ச்சல் பரவியது. ஒரு சனிக்கிழமை காலை, மாநகராட்சியிலிருந்து வீடு வீடாகப் பார்க்க வந்தார்கள். நீலக் கோட்டு போட்ட ஒரு பெண், கையில் வெள்ளை நிற ஜுர மிஷினோடு எழில்மொழியின் வாசலில் நின்றாள்.

"வூட்ல எத்தினி பேருக்கா?"

"மூணு பேரும்மா."

எழில்மொழி நெற்றியைக் காட்டினாள். பீப் என்றது. "ஒன்னியும் இல்ல" என்றாள் அந்தப் பெண். அதற்குள் அடுப்பில் பால் பொங்கும் வாசனை வரவே, எழில்மொழி உள்ளே ஓடினாள். அடுப்பை அணைத்து, வழிந்த பாலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் பீப் என்று ஒரு சத்தம் கேட்டது.

கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை கேட்டது.

துணியோடு அவள் வெளியே வந்தபோது, அந்தப் பெண் அடுத்த மாடிக்குப் படியேறிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா நல்லா கீதுக்கா. அண்ணனுக்குத்தான் ரொம்ப கம்மியா காட்டுது. ஐஸ் கம்பெனியில வேலையா?"

பகலவன் விடிவதற்கு முன்பே லாரி எடுக்க எண்ணூருக்குக் கிளம்பிப் போயிருந்தான்.

எழில்மொழி மெல்லக் கூடத்தின் பக்கம் திரும்பினாள். மித்ரா கட்டிலின் ஒரு ஓரத்தில், பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டு, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போர்வையைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்தியிருந்தாள். திறந்த வாசல் வழியே வந்த வெயில் கட்டில் காலடி வரைக்கும் விழுந்திருந்தது. எழில்மொழியின் கை தன்னையறியாமல் கதவைப் பிடித்தது.

"கதவ சாத்தாதம்மா" என்றாள் மித்ரா. "அவருக்கு வெயிலு வோணுமாம்."