ஆர்விட் வாங்கிய சத்தம்

மனித குலம் இன்றுவரை உண்டாக்கிய ஒலிகளிலேயே மொழிபெயர்ப்பு தேவைப்படாத ஒலி ஒன்றே ஒன்றுதான் என்பது ஆர்விட் காங்கஸின் முடிந்த முடிவு. பம்ப் துப்பாக்கியின் முன்பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால் எழுகிற ‘சக்-சக்’. அதைக் கேட்ட திருடன் எந்த நாட்டில் பிறந்தவனானாலும், குடிபோதையில் இருந்தாலும், வந்த வழியே திரும்பிப் போய்விடுவான். சுடவேண்டிய அவசியமே வராது. பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆர்விட் இதை இருபது வருடங்களாகச் சொல்லிவந்தார். யாரும் மறுத்ததில்லை. அதுவே பெரிய ஆதாரம் என்று எடுத்துக்கொண்டார்.

ஆகவே, நவம்பர் பதினைந்தாம் தேதி மாலை நாலே முக்காலுக்கு, மாடிக் குளியலறையிலிருந்து இடுப்பில் துண்டோடு வெளியே வந்தபோது கீழே சமையலறையில் அந்தச் சத்தம் கேட்டதும், முதலில் அவருக்குத் தோன்றியது பெருமைதான். நல்ல கனமான சத்தம். எண்ணெய் சரியான அளவில் இறங்கியிருக்கிறது.

இந்த வீட்டில் அந்தச் சத்தத்தை எழுப்புகிற ஆள் ஒருவர்தான் என்பதும், அவர் ஈரக் காலோடு மாடியில் நின்றுகொண்டிருக்கிறார் என்பதும் அதற்குப் பிறகுதான் தோன்றின.

துப்பாக்கி வாங்கி ஆறு வாரம் ஆகியிருந்தது. மிச்சிகன் வடகோடியில் அவருடைய ஊரில் ஒரே ஒரு துப்பாக்கிக் கடை. கடைக்காரர் மெர்ல் பெல்மர், முப்பது வருடமாக அதே கவுண்டருக்குப் பின்னால் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர். அவர் முதலில் எடுத்துக் கொடுத்தது தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரகம்.

“இது வேணாம் மெர்ல்” என்றார் ஆர்விட். “இதுல சத்தமே இல்ல.”

“சத்தமா? சுட்டா ஊருக்கே கேக்கும்ப்பா.”

“சுடறதுக்கு முன்னாடி வர்ற சத்தம்.”

மெர்ல் பெருமூச்சு விட்டுவிட்டு ஐந்து பம்ப் துப்பாக்கிகளை வரிசையாகக் கவுண்டரில் வைத்தார். சின்னக் குழல், பெரிய குழல், மரக்கட்டை, கறுப்புக் கட்டை. உன் மனைவி லொரெட்டாவும் தூக்கக்கூடியதாக, சுட்டால் தோளில் உதை குறைந்ததாக ஒன்றைப் பாரேன் என்றார். ஆர்விட் ஒவ்வொன்றையும் காதருகே வைத்து, கண்ணை மூடி, பழுத்ததா என்று தர்பூசணியைத் தட்டிப் பார்ப்பவர் மாதிரி இழுத்துத் தள்ளிப் பார்த்தார். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். அதுதான் இருந்ததிலேயே கனம்.

“பூட்டு ஒண்ணு போட்டுக்கோ.”

“திருடன் வர்றப்ப சாவி எங்க இருக்குன்னு அவனையே தேடச் சொல்லவா?”

“அப்ப நான் சொல்றதயாவது கேளு. வீட்டுக்குள்ள ஆள் வந்தா, படுக்கையறைக்குப் போ. கதவைத் தாழ் போடு. போலீசுக்குப் போன் போடு. துப்பாக்கி அதுக்கப்புறம்தான்.”

“அது எங்க வீட்டு அம்மா பாணி மெர்ல்” என்று ஆர்விட் கதையை ஆரம்பித்தார். கடையில் எல்லோருக்கும் மனப்பாடமான கதை.

நாலு வருடம் முன்பு ஆர்விட் வெளியே கொட்டகையில் இருந்தபோது, வீட்டுக்குள் ஏதோ உருள்கிற சத்தம் கேட்டு, லொரெட்டா மாடிப் படுக்கையறையின் சுவரலமாரிக்குள் போய் ஒளிந்துகொண்டாள். வெறுமனே ஒளியவில்லை. வாயில் ஒரு விசிலை வைத்துக்கொண்டு, ஆர்விட் உள்ளே வந்துவிடக் கூடாதே என்று, அவர் காதில் விழும்வரை ஊதித் தள்ளிவிட்டாள். வந்திருந்தது ஒரு ராக்கூன், பூனை அளவு காட்டுப் பிராணி. ரொட்டி தின்றுகொண்டிருந்தது.

“கோட்டுக்கெல்லாம் நடுவுல, கன்னம் ரெண்டும் பூரி மாதிரி உப்பி... நான் கதவைத் திறந்தப்பவும் ஊதிக்கிட்டேதான் இருந்தா!” என்று ஆர்விட் கன்னத்தை உப்பிக் காட்டுவார். கடை சிரிக்கும். படுக்கையறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தரும்படி லொரெட்டா நாலு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்ததையும் சேர்த்துச் சொல்வார். தாழ்ப்பாளெல்லாம் கோழிக்கூட்டுக்கு என்பது அவர் பதில்.

நேற்றும் சொன்னார். மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள்; கடையில் நிற்க இடமில்லை. பத்துப் பதினைந்து பேர். அத்தனை பேர் மேலும் சட்டப்படி அதே ஆரஞ்சு நிறக் கோட்டும் தொப்பியும். யார் முகத்தையும் தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாத கூட்டம். நேற்று அவர் புது விளையாட்டையும் விவரித்தார். லொரெட்டா வேலை முடிந்து வருகிற நேரத்துக்குச் சமையலறை விளக்கை அணைத்துவிடுவது. பின்கதவுக்கு நேராக நாற்காலியைப் போட்டு இருட்டில் உட்கார்ந்துகொள்வது. அவள் உள்ளே கால் வைத்ததும் ‘சக்-சக்’.

“முதல் நாள் கையில இருந்த முட்டையெல்லாம் போச்சு. இப்ப பழகிருச்சு. திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. ‘போதும் ஆர்விட்’னு சொல்லிட்டு அப்படியே என் பக்கமா நடந்து வர்றா.”

“ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் அவளே உன்னைச் சுட்டுருவா” என்றார் மெர்ல்.

“குண்டு ஏத்தி இருந்தாத்தானே? துப்பாக்கி எப்பவும் காலி. அஞ்சு தோட்டா, கட்டையிலயே ஒரு பட்டை மாட்டி அதுல சொருகி வெச்சிருக்கேன். பின்கதவுக்கு மேல ரெண்டு ஆணி, அதுல தொங்குது. அவ்வளவுதான் நம்ம பாதுகாப்பு.”

கூட்டத்தில் யாரோ கேட்டார்கள், எத்தனை மணிக்கு வருவாள் என்று. அஞ்சே காலுக்கு என்றார் ஆர்விட். டாண்ணு.

இப்போது மணி நாலு ஐம்பது. துண்டின் நுனியிலிருந்து நீர் சொட்டி, பலகைத் தரையில் விழுந்தது. வெளியே காட்டில் எங்கோ ஒரு வெடி, சற்றுத் தள்ளி இன்னொன்று. விடியற்காலையிலிருந்தே ஊரைச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும் அதே வெடிகள், மறைகிற சூரியனோடு போட்டி போடுவதுபோல இப்போது கொஞ்சம் அவசரமாக. இன்றைக்கு இந்த ஊரில் ஒரு துப்பாக்கி வெடித்தால் யாரும் தலையைத் தூக்கிப் பார்க்கமாட்டார்கள். மாடிப்படி வழியாக ஒரு வாடை ஏறி வந்தது. நனைந்த கம்பளி. துப்பாக்கி எண்ணெய். அதற்கடியில், காலையில் அவரே போட்டு வைத்து ஆறிப்போன காப்பியை யாரோ மறுபடி சூடாக்குகிற வாடை.

போன் கீழே, காப்பிக் கெட்டிலுக்குப் பக்கத்தில், சார்ஜில் இருந்தது.

ஆர்விட் தனக்குத் தெரிந்ததை வைத்து ஆறுதல் தேடினார். துப்பாக்கி காலி. ஒருமுறை இழுத்துத் தள்ளிய பிறகு அது பூட்டிக்கொள்ளும். விசைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தினால்தான் மறுபடி இழுக்க முடியும். அந்தப் பொத்தானைக் கண்டுபிடிக்க அவருக்கே இரண்டு நாள் பிடித்தது. கடைசியில் மெர்லைத்தான் கேட்டார். கீழே இருக்கிறவன் யாரோ குடிகாரன். வழி தவறிய வேட்டைக்காரன். அவனுக்குப் பொத்தான் தெரியாது.

காலடி கேட்டது. சமையலறையைக் கடந்து, கூடத்தைக் கடந்து, மாடிப்படியின் அடியில் வந்து நின்றது. இருட்டில் ஒரு மூச்சு. அவசரமே இல்லாத மூச்சு.

பிறகு, ‘டிக்’.

பொத்தான்.

சக்-சக்.

ஆர்விட் காங்கஸின் இருபது வருடத் தத்துவம் அந்த நொடியில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமானது. அதைக் கேட்டவர் ஓடினார். துண்டு அங்கேயே விழுந்தது. படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சாத்திய கதவு தாழ்ப்பாள் இல்லாமல் நாலு விரற்கடை தானாகத் திறந்துகொண்டது. ஜன்னல். குளிருக்காகப் போன வாரம் அவரே பிளாஸ்டிக் தாள் ஒட்டி, சட்டத்தை ஆணியடித்து இறுக்கிய ஜன்னல். நல்ல வேலை. நகம்தான் பெயர்ந்தது.

சுவரலமாரிக்குள் நுழைந்தார்.

உள்ளே கோட்டுகளுக்கு நடுவே, முழங்காலுக்கு இதமாக ஒரு திண்டு கிடந்தது. கதவின் உட்புறம் கையில் தட்டுப்பட்டது ஒரு சின்னப் பித்தளைத் தாழ்ப்பாள். நாலு திருகாணியில் இரண்டு கோணல். அவள் தானே போட்டிருக்கிறாள். கொக்கியில் ஒரு கயிறு. கயிற்றின் நுனியில் விசில்.

தாழைப் போட்டார். சத்தமே வரவில்லை. அதற்கும் எண்ணெய் போட்டிருந்தாள்.

சமையலறை அடுப்பின் சூடு மாடிக்கு ஏறுவதற்காக, வீட்டைக் கட்டியவர்கள் தரையில் ஒரு இரும்புச் சல்லடை வைத்திருந்தார்கள். பின்னாளில் அதன் மேல்தான் அலமாரி வந்தது. ஆர்விட் அம்மணமாக, ஈரமாக, முழங்காலில் குனிந்து அந்தச் சல்லடை வழியே பார்த்தார். நேர் கீழே சமையலறை விளக்கு எரிந்தது. மேஜையில் அவருடைய கோப்பை. ஆவி பறந்தது.

காலடி சமையலறைக்குத் திரும்பியது; ஆரஞ்சுத் தொப்பி ஒன்று சட்டகத்துக்குள் வந்தது. மேலிருந்து பார்க்கையில் தொப்பியும் இரண்டு தோளும்தான். துப்பாக்கியை மேஜையில் கிடத்தி, கட்டைப் பட்டையிலிருந்து தோட்டாவை ஒவ்வொன்றாக உருவி, அடியில் கட்டைவிரலால் அழுத்தி உள்ளே செலுத்தியது.

க்ளிக்.

க்ளிக்.

திருடிவிட்டுப் போகிறவன் ஏன் தோட்டா போடுகிறான்.

க்ளிக்.

க்ளிக்.

ஐந்தாவது கொஞ்சம் சிக்கியது. பொறுமையாக எடுத்து, பேன்ட்டில் துடைத்து, மறுபடி போட்டது. க்ளிக்.

மாடிக்கு வருவான் என்று ஆர்விட் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். வரவில்லை. அவன் நாற்காலியை இழுத்தான். தரையில் தேய்ந்து கத்துகிற இடது கால் அந்த நாற்காலிக்கு மட்டும்தான் உண்டு. பின்கதவுக்கு நேராகப் போட்டான். காப்பியை ஒரு மடக்கு குடித்தான். எழுந்துபோய் விளக்கை அணைத்தான். திரும்பி வந்து, இருட்டில், உட்கார்ந்துகொண்டான்.

முன்பிடியை இழுக்கவில்லை. அதை மிச்சம் வைத்திருந்தான்.

அடுப்பின் கணப்பு வெளிச்சத்தில் தொப்பி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கடிகாரம் ஓடியது. சல்லடை இரும்பு முழங்காலைச் சுட்டது. ஆர்விட் நகரவில்லை.

தூரத்தில் வண்டி. சரளைக்கல் நொறுங்கும் ஓசை. அவர் எதிர்பாராத ஒன்றைத் தன்னில் கண்டார்: வண்டி வேறு யாருடையதாகவாவது இருக்கவேண்டும் என்று அவர் வேண்டிக்கொள்ளவில்லை. இனி அவன் மேலே வரமாட்டான் என்று நிம்மதியாக இருந்தது.

இன்ஜின் நின்றது. கதவு. காகிதப் பைகளின் சரசரப்பு. லொரெட்டா யாரோடோ போனில் பேசிக்கொண்டே வந்தாள்.

“...இல்லடி, வண்டி நிக்குது, கிச்சன் லைட் மட்டும் இல்ல. அப்புறம் என்ன, அய்யா உக்காந்திருப்பாரு. அம்பத்தி மூணு வயசு. ஆமாமா. வெக்கிறேன்.”

விசில் எப்போது வாய்க்குப் போனதென்று ஆர்விட்டுக்குத் தெரியவில்லை. உதட்டுக்கு நடுவே இருந்தது. பிளாஸ்டிக்கில் பல் பதிந்த தடம்; அவள் பல். ஒரு ஊது. ஊதினால் அவளுக்குப் புரியும். உலகத்திலேயே அவளுக்கு மட்டும்தான் புரியும். வண்டி இன்னும் சூடாகத்தான் இருக்கிறது; சாவி கையில்தான் இருக்கிறது. ஒரே ஒரு ஊது.

அவருடைய தலைமுடியிலிருந்து ஒரு சொட்டு உருண்டு, மூக்கு நுனியில் தங்கி, சல்லடை வழியே விழுந்தது.

தொப்பியின் மேல்.

தொப்பி நிமிரவில்லை. மேலே பார்க்கவில்லை. வலது கை மட்டும் துப்பாக்கியை விட்டு மெல்ல எழுந்தது. ஒற்றை விரல். வாய் இருக்கவேண்டிய இடத்தில் அந்த விரல் குறுக்காக வந்து நின்றது.

பிறகு கை கீழே இறங்கியது.

பின்கதவுக் குமிழ் திரும்பியது. குளிர் காற்று. லொரெட்டாவின் பூட்ஸ் மிதியடியில் இரண்டு தட்டுத் தட்டியது.

சக்-சக்.

“போதும் ஆர்விட்” என்றாள் லொரெட்டா. அலுத்த குரல், அதற்குள் கொஞ்சம் சிரிப்பு. “கை நிறையப் பை. எந்திரிச்சு வந்து வாங்கேன்.”

அவள் நாற்காலியை நோக்கி நடந்து வந்தாள்.

மாடியில், கோட்டுகளுக்கு நடுவே, கன்னம் இரண்டும் உப்பியிருக்க, விசிலுக்குள் இருக்கும் சின்னக் குண்டு தப்பித்தவறிக்கூட உருண்டுவிடாதபடி, ஆர்விட் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்.