சத்தம் தெளிவான இடம்

மருதமுனைக் கடற்கரையில் பாதி இடிந்து நின்ற அந்த வீட்டில் அபூசாலியும் கைருன்னிஸாவும் கமெராவோடு போய் இறங்கியது நல்ல வெயில் நேரத்தில்தான். சுனாமி அடித்து ஐந்து வருடம் ஆகப்போகிறது. யுத்தமும் முடிந்து, சோதனைச் சாவடிகளில் பையைக் கொட்டிக் காட்டும் தொல்லை குறைந்திருந்தது. கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்த புருஷனும் பெண்சாதியும், ஒரு பேய்ப் படம் எடுத்து டிஸ்க் போட்டு விற்கலாம் என்று துணிந்திருந்தார்கள்.

வீடு இப்போது கச்சிமுகம்மதுவுடையது. ஊர் வழக்கப்படி உம்மாவின் வீடு மகளுக்குத்தான் போகும். அப்படி அது அவருடைய அக்கா, அவர் ராத்தா என்று கூப்பிடும் சல்மா உம்மாவுக்குப் போயிருந்தது. சுனாமியில் சல்மா உம்மாவின் புருஷனைக் கடல் கொண்டுபோயிற்று. விழுந்த சுவருக்கடியில் தலை நசுங்கிக் கிடந்த ராத்தாவின் மையித்தைக் கண்டெடுத்தவர் தம்பிதான். பிள்ளைகள் இல்லாததால் வீடும் வளவும் அவர் கைக்கு வந்தன. கைருன்னிஸா சின்ன வயதில் சல்மா உம்மாவிடம் குர்ஆன் ஓதியவள். அந்த முற்றத்தில் கால் வைத்ததுமே அவள் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

கச்சிமுகம்மது வீட்டைச் சும்மா கொடுத்தார். கொலைகாரனாகத் தானே நடிப்பேன் என்பது மட்டும்தான் அவர் கேட்டது. கொலையாகும் பெண்ணாக நடிக்க ஒருத்தியும் வரவில்லை. பழைய சேலையைத் தலையணைகளில் சுற்றிப் படுக்கவைத்தார்கள். அபூசாலி கத்தியை நீட்டியபோது அவர் வாங்கவில்லை.

"கத்தி வேணாம். கல்லுதான் நல்லம்."

ரிஜிபோம் என்கிற வெள்ளைத் தெர்மோகோலில் ஒரு கல் வெட்டிக் கொடுத்தார்கள். காட்சி முடிந்தது என்று அபூசாலி கையைக் காட்டிய பிறகும் அவர் நிறுத்தவில்லை. ரிஜிபோம் தூளாய்ப் போன பின், வெறுங்கையால் தலையணையைக் குத்திக்கொண்டிருந்தார்.

படம் சுமாராகத்தான் வந்தது. பகலில் பிடித்ததை நீலம் ஏற்றி இரவாக்கியதில் முகங்கள் கரிச்சட்டியாய் இருண்டன. இருட்டு விழுந்த இடமெல்லாம் எறும்புப் புற்றைக் கலைத்ததுபோல் புள்ளிகள் நெளிந்தன. சத்தம் அதைவிட மோசம். மைக்குக்குள் கடல்காற்று புகுந்து பேச்சைத் தின்றுவிட்டது. கைருன்னிஸா அந்தச் சத்தம் முழுவதையும் அழித்தாள். யன்னலில் மெத்தையைச் சாத்திவைத்து, நடித்தவர்களை மறுபடி பேசவைத்துப் பதிந்தாள். கொலைக் காட்சியின் அலறலை அவளே அலறினாள்.

டிஸ்க் கல்முனைக் கடைகளுக்குப் போனதும் குறைகள் வந்தன. படம் கறுப்பு, சத்தம் கரகரப்பு என்றார்கள். ஆனால் ஒரு இடத்தை மட்டும் எல்லோரும் புகழ்ந்தார்கள். கொலை நடக்கிற இடத்தில் படம் கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி இருக்கிறதாம்; சத்தம் காதுக்குள்ளேயே கேட்கிறதாம். அந்தப் பெண்ணாக நடித்தது யார், நல்ல நடிப்பு என்று ஒரு கடைக்காரர் விசாரித்தார்.

பெண் யாரும் நடிக்கவில்லையே.

லுஹர் தொழுதுவிட்டு, தங்கள் வீட்டில் கைருன்னிஸா டிஸ்க்கைப் போட்டு ஹெட்போனை மாட்டினாள். வழக்கமான இரைச்சல், நெளியும் புள்ளிகள். பிறகு இரைச்சல் சட்டென்று அடங்கியது. புள்ளிகள் ஒதுங்கின. சுவரில் சேறு வழிந்தது. எங்கோ நீர் சொட்டியது. அறைக்குள் உப்பும் அழுகலும் நாறின.

சேலைப் பொட்டலம் கையைத் தூக்கியது.

நகங்களில் மருதோன்றிச் சிவப்பு.

"தம்பி, எனக்கி உசிரிரிக்கி. மேல கெடக்கிற கல்லத் தூக்குடா."

ஓதிக்கொடுத்த சல்மா உம்மாவின் குரல். திரையில் கல் உயர்ந்தது. பழுத்த பனங்காய் சீமெந்தில் விழுவதுபோல் ஒரு சத்தம். அடுத்தது இன்னும் ஈரமாய்.

அபூசாலியைக் கூப்பிட்டுக் காட்டினாள். குரல் வந்த இடத்தோடு அவன் எழுந்துவிட்டான். கடைகளில் மிச்சமிருக்கும் டிஸ்க்குகளைத் திருப்பி எடுத்து வருகிறேன் என்று மோட்டார் சைக்கிளில் கிளம்பினான். சற்று நேரத்தில் வாசலில் கச்சிமுகம்மது நின்றார். யாரோ அவரிடம், உங்கள் ராத்தாவின் குரல் மாதிரியே இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள்.

போட்டுக் காட்டச் சொன்னார். காட்டினாள். ஹெட்போனைக் கழற்றியிருந்ததால் ஸ்பீக்கரில் குரல் வீடெல்லாம் நிறைந்தது. அவர் முகம் சாம்பலாயிற்று. அதை உடனே அழிக்கச் சொன்னார்.

"பிடிச்ச சத்தத்த முந்தியே அழிச்சிட்டன் காக்கா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள் கைருன்னிஸா. "அது நான் போட்ட சத்தமில்ல. உங்கட ராத்தாட சத்தம்."

அவர் கன்னத்தில் விட்ட முதல் அறையிலேயே அவள் தாடை விலகியது. கீழே விழுந்தவளின் கழுத்தில் முழங்காலை ஊன்றி, யார் யாரிடம் சொன்னாய் என்று கேட்டார். அவளால் மூச்சுவிட முடியவில்லை. மேசைமேல் கிடந்த ஸ்திரிக்கைப் பெட்டியை எட்டி எடுத்து ஓங்கினார்.

ஸ்பீக்கரில் கல் விழுந்தது.

அவர் தலை ஒரு பக்கம் வெட்டிச் சாய்ந்தது.

ஸ்திரிக்கைப் பெட்டி கை நழுவி விழுந்தது. நெற்றி பிளந்து இரத்தம் கண்ணில் வழிந்தது. அவர் தவழ்ந்துபோய் வயர்களைப் பிடுங்கினார். டிவி அணைந்தது. பிளேயர் அணைந்தது.

மறுபடி கல் விழுந்தது.

இம்முறை எலும்பு உடைவதையும் கைருன்னிஸா கேட்டாள். அவர் சுவரோடு ஒண்டிக்கொண்டு, யாரும் இல்லாத திசையில் கையெடுத்துக் கெஞ்சினார்.

"ராத்தா, போதும். ராத்தா..."

போதவில்லை. மேலும் மேலும் விழுந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் மண்டை கொஞ்சம் கொஞ்சமாய் உள்ளே போனது. கடைசியில் ஈரச் சத்தம் மட்டுமே மிஞ்சியது.

பாரமான கல்லால் அடித்த காயம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். பொலிசார் வீட்டையும் வளவையும் கிண்டியும் அப்படி ஒரு கல் அகப்படவில்லை. அபூசாலியைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அந்த நேரம் தங்களோடு நின்றான் என்று கடைக்காரர்கள் சொன்னதும் விட்டார்கள். கைருன்னிஸாவிடமும் துருவித் துருவிக் கேட்டார்கள். நடந்ததைச் சொன்னாள். யாரும் அதை எழுதிக்கொள்ளவில்லை. டிஸ்க்குகள் எல்லாவற்றையும் புருஷனும் பெண்சாதியும் எரித்தார்கள். சல்மா உம்மாவின் கபுறடியில் யாசீன் ஓதி, ஏழைகளுக்குச் சோறு கொடுத்தார்கள். வீடு அமைதியாயிற்று. அவள் தாடையும் ஒருவாறு பொருந்தியது.

வயிற்றுப்பாட்டுக்கு வேலை செய்யத்தானே வேண்டும். சம்மாந்துறையில் ஒரு கல்யாணம் பிடித்துக்கொண்டு வந்தான் அபூசாலி. காலை வெயில் அறைக்குள் விழ, கைருன்னிஸா அதை வெட்டி ஒட்ட உட்கார்ந்தாள். பெண்கள் சிரித்தார்கள், பாத்திரங்கள் உருண்டன, ஜெனரேட்டர் இரைந்தது.

பிறகு இரைச்சல் அடங்கியது.

வந்தது சல்மா உம்மாவின் குரல் அல்ல. அவள் ஒருநாளும் கேட்டிராத ஒரு வாலிபனின் குரல். தன் பெயரைச் சொன்னான். தன் உம்மாவின் பெயரைச் சொன்னான். யுத்தத்தின்போது எந்த வயலில், எந்த வரம்புக்குக் கீழே தன்னைப் புதைத்தார்கள் என்று மெல்லச் சொன்னான்.

அவன் முடிக்கும்வரை, அவனுக்குப் பின்னால் நிறையப் பேர் மூச்சுவிட்டுக்கொண்டு, தங்கள் முறைக்காகக் காத்து நின்றார்கள்.