பெஞ்சுக்கு அடியில் ஓர் ஆணி

மழை என்றால் மழை, அப்படி ஒரு மழை. பள்ளிக்கூடம் விட்டு வந்த ஆக்சிலியா வாசலில் நின்று கதவைத் தட்டினாள். மணியை அடித்தாள். தொண்டை நோகக் கத்தினாள். கத்தி என்ன பயன்? உள்ளே இருக்கும் அம்மாவுக்குத்தான் காது கேட்காதே.

போன வருடம் வந்த பொல்லாத காய்ச்சலில் அம்மா ஜெயமேரிக்குக் கேட்கும் சக்தியே போய்விட்டது. அப்பா காரைக்காலில் ஐஸ் கம்பெனி வேலைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவார். வீட்டின் ஒரே செல்போனும் அவரோடு போய்விடும். அம்மா கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, மர பெஞ்சில் உட்கார்ந்து, பகல் முழுக்கப் புடவைகளுக்கு ஓரம் தைப்பார்.

தற்செயலாக ஜன்னல் பக்கம் வந்தபோதுதான் மகளைப் பார்த்தார். ஓடிவந்து கதவைத் திறந்து, தலையைத் துவட்டிவிட்டபடியே அழுதார்.

"பெத்த புள்ளைக்குக் கதவு தொறக்க முடியல. நானெல்லாம் ஒரு அம்மா."

அதைவிடப் பெரிய துக்கம் ஒன்றும் அவருக்கு இருந்தது. காது போனதும் ஊரே தன்னை மறந்துவிட்டது என்று நினைத்தார். அடுத்த தெரு ஆஸியா பீவி அவருடைய உயிர்த்தோழி. அவர்கூட எட்டிப் பார்க்கவில்லையாம்.

ஆஸியா மாமி பல தடவை வந்து, தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். ஆக்சிலியாவுக்கு அது தெரியும். வாயை நன்றாக அசைத்து அம்மாவிடம் சொல்லியும் பார்த்தாள். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால், தன்னைத் தேற்றத்தான் பிள்ளை பொய் சொல்கிறது என்று அவர் நினைப்பது முகத்திலேயே தெரிந்தது.

அப்பா ஏற்கெனவே ஒரு விளக்கு மாட்டிப் பார்த்தார். மணியை அமுக்கினால் விளக்கு எரியும். குனிந்து தைக்கிற அம்மா அதை எங்கே பார்த்தார்?

ஒருநாள் தெருவில் லாரி போனது. "பெஞ்சு அதிருது, லாரி போவுது போல" என்றார் அம்மா. அடடா, இது நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று ஆக்சிலியா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு குழாயின்மேல் செம்புக் கம்பியைச் சுற்றி மின்சாரம் விட்டால், அது இரும்பை உள்ளே இழுக்கும். வகுப்பில் படித்தது. அந்தக் குழாயைப் பெஞ்சுக்கு அடியில் நிறுத்தி, அதற்குள் ஒரு பெரிய ஆணியைப் போட்டாள். வாசலில் பொத்தானை அமுக்கினால் ஆணி மேலே எகிறிப் பலகையில் இடிக்கும். விட்டால் கீழே விழும். மின்சாரத்துக்கு அப்பாவின் பழைய ஸ்கூட்டர் பேட்டரி.

குழாய்க்கு ஜூஸ் குடிக்கிற தடித்த உறிஞ்சுகுழல் கிடைத்தது. கம்பியை ஒட்டத்தான் மெழுகு இருக்கிறதே. கல்லறைத் திருநாள் அன்று கல்லறைகளில் எரிந்து மிஞ்சிய மெழுகை உருண்டை பிடித்து வைத்திருந்தாள். அவர்கள் வீட்டில் வாளி ஒழுகினாலும் மெழுகு, ஜிப் சிக்கினாலும் மெழுகு.

"டொக்" என்று பலகை அதிர்ந்தது. அம்மா திடுக்கிட்டுப் பெஞ்சைத் தடவினார். லேசாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு ஒருநாள்தான் நிலைத்தது. மறுநாள் மாலை வழியில் ஆஸியா மாமி எதிர்ப்பட்டார். வழக்கமாகக் கன்னத்தைக் கிள்ளுபவர், குடையைத் தாழ்த்திக்கொண்டு விலகி நடந்தார். ஆக்சிலியா விடாமல் பின்னாலேயே போனாள்.

"நீ சொன்ன அந்தப் பொத்தான அமுக்கிப் புடிச்சிக்கிட்டே நின்னேன் புள்ள. உங்கம்மா தொறக்கல. எம்மேல என்ன கோவமோ. இனிமே நான் வந்து தொந்தரவு பண்ணல" என்றார்.

வீட்டில் கருகல் வாடை அடித்தது. அமுக்கிக்கொண்டே இருந்ததில் கம்பி சூடேறி, மெழுகு உருகித் தரையில் வழிந்திருந்தது. குழல் நெளிந்து ஆணியை இறுகப் பிடித்திருந்தது. முதலில் ஒரே ஒரு தடவை அதிர்ந்ததை, லாரி போகிறது என்று அம்மா விட்டிருப்பார். ஆக்சிலியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உதவி செய்யப் போய், இருந்த ஒரு தோழியையும் விரட்டிவிட்டோமே.

அழுது முடித்ததும் ஒன்று புரிந்தது. சூட்டில் எது தாங்கும் என்று முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். சூட்டுக்கு வீட்டில் என்ன பஞ்சம்? தோசைக்கல் இருக்கிறது.

ஓரம் உடைந்த பழைய தோசைக்கல்லை இளஞ்சூட்டில் வைத்து, அவள் ஒவ்வொன்றாகப் போட்டாள். உறிஞ்சுகுழல் சுருண்டது. பேனாக் குழாய் குழைந்தது. கடைப்பசை இளகியது. ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் அட்டை மட்டும் அசரவில்லை. காய்ந்த மைதாப்பசையும் உருகவில்லை.

அம்மா எட்டிப் பார்த்தார். "இதுல இனி தோசை சுட்ட மாதிரிதான்" என்றவர், கொஞ்ச நேரம் நின்று கவனித்தார். பிறகு தன் தையல் டப்பாவிலிருந்து இரண்டு நூல்களை எடுத்து வந்து, தானே கல்லில் வைத்தார். நைலான் நூல் சுருங்கி மணியாகிப் போனது. பருத்தி நூல் அப்படியே கிடந்தது.

"இத வச்சிக் கட்டு" என்றார்.

அட்டையை உருட்டி மைதாப்பசையால் ஒட்டினார்கள். மழை ஈரத்தில் பசை காய்வேனா என்றது. சமையல் முடிந்த அடுப்பின் பக்கத்தில் வைத்துக் காய வைத்தார்கள். இரவில் கரப்பான் பூச்சி விருந்துக்கு வராமல் டப்பாவுக்குள் போட்டு மூடினார்கள். பிறகு கம்பியைச் சுற்றி, பருத்தி நூலால் இறுகக் கட்டினார்கள். வாசல் பொத்தானுக்கு மேலே ஆக்சிலியா எழுதி ஒட்டினாள்: 'விட்டு விட்டு அமுக்குங்க. அம்மாவுக்குத் தெரியும்.'

ஆஸியா மாமி வீட்டுக்குப் போய், நடந்ததை எல்லாம் சொன்னாள். ஒரே ஒரு தடவை வரும்படி கெஞ்சினாள்.

மழை விடவில்லை. யாரும் வரவில்லை. சனிக்கிழமையும் அப்படித்தான் விடிந்தது. அம்மா தைத்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த ஆக்சிலியாவுக்குப் புத்தகத்தில் ஓர் எழுத்தும் ஏறவில்லை.

டொக்.

அம்மாவின் ஊசி நின்றது. ஆக்சிலியா எழுந்திருக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டொக். டொக்.

அம்மா புடவையை அப்படியே போட்டுவிட்டுப் போய்க் கதவைத் திறந்தார். குடையும் தானுமாக ஆஸியா மாமி நின்றிருந்தார்.

"ஏங்க்கா இத்தன நாளா வரல?" என்று கேட்பதற்குள் அம்மாவின் குரல் உடைந்துவிட்டது.

பதில் சொல்ல மாமி வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் விரலை மடக்கித் தட்டினார். கதவைத் தட்டுவதுபோலவே தட்டினார். நிறுத்தினார். மறுபடி தட்டினார். மறுபடியும் தட்டினார். கண்ணீர் வழிய வழியத் தட்டிக்கொண்டே இருந்தார்.

அம்மா தன் கையைப் பார்த்தார். பிறகு ஆக்சிலியாவைத் திரும்பிப் பார்த்தார்.

"வந்திருக்காங்கடி" என்றார் மெதுவாக. "இத்தன தடவ வந்திருக்காங்க."

மூன்று பேருக்கும் டீ போட ஆக்சிலியா அடுப்படிக்குப் போனாள்.